சுக்கானுக்கு மேலே விரல் நுழையாத சந்து: கொட்டலசை எப்படி எடுப்பது?

ஒற்றைப்பாய்:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 9 மீட்டர் ஃபைபர் பாய்மரப் படகு. சிறிய டீசல் எஞ்சின், நீள்தண்டு, வெண்கல புரொப்பெல்லர், தனியே தொங்கும் சுக்கான். மாதம் இருமுறை நீண்ட கைப்பிடித் தூரிகையால் பக்கங்களைத் தேய்த்துவந்தேன். இன்று காலை கரையேற்றினோம். பரந்த பகுதியெல்லாம் பளிச்சென்று இருந்தது, மனம் நிறைந்துவிட்டது. பிறகு குனிந்து பின்பக்கம் பார்த்தேன்.

சுக்கானின் மேல்விளிம்புக்கும் படகின் அடிப்புறத்துக்கும் நடுவே என் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு சந்து இருக்கிறது. அதற்குள் கொட்டலசுகள் (ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர்கள், பார்னக்கிள்) ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்துகிடக்கின்றன. கொஞ்ச நாளாகச் சுக்கான் பிடி கனத்திருந்தது. தாங்கி (பேரிங்) தேய்ந்துவிட்டதோ என்று பயந்துகொண்டிருந்தேன், காரணம் இதுதான் போலிருக்கிறது. எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கும் துவாரத்தின் உள்சுவரிலும் இருக்கிறது. புரொப்பெல்லர் தண்டு அடிப்புறத்தைவிட்டு வெளியே வரும் இடத்தைச் சுற்றியும் இருக்கிறது. ஏராவின் (படகின் அடி முதுகெலும்பு, கீல்) அடியைப் பார்க்கவே முடியவில்லை, படகு அதன்மேல்தான் நிற்கிறது.

சுரண்டியும் ஸ்குரூடிரைவருமாக இரண்டு மணி நேரம் போராடினேன். ஜெல்கோட்டில், அதாவது ஃபைபரின் வெளிப்பூச்சில், இரண்டு கீறல் விழுந்ததும் நிறுத்திவிட்டேன். நான்கு நாள் கழித்துப் படகை இறக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

அமரக்காரர்:

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் எழுந்துபோய் அந்தச் சந்துக்குள் ஈரத் துணியைத் திணித்துவிட்டு வாருங்கள். நனைந்த சாக்கு இருந்தால் சுக்கான் தலைமேல் போர்த்துங்கள். காய்ந்த கொட்டலசு ஈரமானதைவிடப் பல மடங்கு பிடிவாதம் பிடிக்கும். பாசிப்படலமும் அப்படியே; தண்ணீரைவிட்டு ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் குழாய்த் தண்ணீரிலேயே வழிந்துவிடும், மறுநாள் பார்த்தால் தோல்போல ஒட்டியிருக்கும். படகுத்துறையில் தூக்கிய கையோடு பீச்சு இயந்திரத்தால் அடிப்பது அதற்காகத்தான். ஆனால் பீச்சுபவர் நேராக நின்று அடிப்பார், சந்துக்குள் தண்ணீர் போகாது. அடுத்த முறை நீங்களே பக்கத்தில் நின்று, "இங்கே, சாய்வாக, பின்னாலிருந்து" என்று கேட்டு வாங்குங்கள்.

இனிச் சந்துக்கு வருவோம். சுக்கானை ஒரு பக்கமாக முழுதும் திருப்புங்கள். பல படகுகளில் அடிப்புறம் வளைவாகவும் சுக்கான் தலை தட்டையாகவும் இருக்கும். அதனால் திருப்பும்போது சந்தின் ஒரு முனை சற்று அகலமாகும். அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள். பொதி கட்டும் பிளாஸ்டிக் பட்டை தெரியுமல்லவா, பெட்டிகளைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்களே, அது. ஒரு பாகம் (இரு கையும் விரித்த அளவு) நீளம் வெட்டி, சந்தின் வழியே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நுழைத்து, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். அதன் விளிம்புக்குக் கொட்டலசை அடியோடு தள்ளுகிற அளவு விறைப்பு உண்டு, ஜெல்கோட்டைக் கீறுகிற கடினம் கிடையாது. முதல் பத்து இழுப்புக்கு ஒன்றும் நடக்காது. அதன்பின் "கரக்" என்று ஒரு சத்தம் கேட்கும், வெள்ளைப் பொடி உதிரும். அதுதான் அடையாளம், அதே இடத்தில் தொடர்ந்து இழுங்கள்.

பட்டை தாராளமாக ஓடத் தொடங்கியதும், சந்தைவிட மெல்லிய மரச்சட்டம் ஒன்றில் பழைய கம்பளித் துண்டைச் சுற்றி, ஈரமாக்கி, ரம்பம் இழுப்பதுபோல இழுங்கள். கடைசியில் கம்பளிக்குப் பதிலாக நீர்த்தாள், அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள். காய வைத்துத் தேய்க்கவே கூடாது. பழைய பெயிண்டின் தூளில் செம்பும் நஞ்சும் இருக்கின்றன. முகமூடி அணிந்துகொண்டு, கீழே தார்ப்பாய் விரித்து, விழுவதையெல்லாம் சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

ஸ்குரூடிரைவரைத் திரும்ப எடுக்காதீர்கள்.

ஒற்றைப்பாய்:

ஐயா, சாக்கு போர்த்திவிட்டு வந்துதான் எழுதுகிறேன். பட்டை நாளைக்குக் கிடைத்துவிடும். ஒரு சந்தேகம். பக்கங்களில் பூசிய அதே பாசித்தடுப்புப் பெயிண்டைத்தான் இங்கேயும் பூசியிருந்தேன், சந்தில் மட்டும் ஏன் இப்படி அடைகிறது?

சிறுகடல்:

இது என் படிப்போடு தொடர்புடைய கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொட்டலசு முட்டையிலிருந்து வந்தவுடன் ஒட்டுவதில்லை. இளம்பருவத்தில் நீரில் மிதந்து திரிந்து, கடைசி இளம்பருவத்தை அடைந்ததும் இரை எடுப்பதையே நிறுத்திவிடுகிறது. அதன்பின் அதற்கு ஒரே வேலைதான், இடம் தேடுவது. முன்பக்கத்து உணர்கொம்புகளால் பரப்பின்மேல் தத்தித்தத்தி நடந்து பார்க்கும். பிடித்துவிட்டால் தலையை ஊன்றி, பசை சுரந்து, ஆயுளுக்கும் அங்கேயே தங்கிவிடும். நீரோட்டம் வேகமாக இழுக்கும் வழவழப்பான பரப்பில் நடப்பது கடினம், அலை தொடாத சந்து சுலபம். இது முதல் காரணம்.

இரண்டாவது, உங்கள் பெயிண்ட். இன்று படகுகளுக்குப் பூசும் பல வகைப் பெயிண்டுகள் நீரோட்டத்தில் மெல்ல மெல்லக் கரைந்து, புதிய மேற்பரப்பைத் திறந்து, செம்பை வெளிவிட்டு வேலை செய்கின்றன. நீர் தேங்கும் சந்தில் அந்தக் கரைவு சரியாக நடப்பதில்லை. கரைந்தால்தான் காவல் என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி உண்டு. பிரிட்டிஷ் கடற்படை 1761இல் அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடிப்புறத்துக்குச் செம்புத் தகடு அடித்தது. அதன்பின் அந்த முறை பரவியது. ஆனால் செம்பு அரித்துக்கொண்டே போனது. அதைத் தடுக்க 1824இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இரும்பு, துத்தநாகத் துண்டுகளைத் தகட்டோடு இணைத்துப் பார்த்தார். அரிப்பு நின்றது. ஆனால் செம்பு கரையாததால் பாசியும் கொட்டலசும் தாராளமாக ஏறிவிட்டன. உங்கள் சந்திலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது: பெயிண்ட் இருக்கிறது, ஆனால் கரையவில்லை. போதாக்குறைக்குத் தூரிகை எட்டாததால் அங்கே பூச்சும் மெல்லியதாகவே விழுந்திருக்கும்.

மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். கொட்டலசு கூட்டம் தேடி ஒட்டும் உயிரினம். தன் இனம் ஏற்கெனவே இருந்த இடத்தை, அங்கே எஞ்சியிருக்கும் புரதத்தைக் கொண்டு இளம்பருவம் அடையாளம் கண்டுகொள்ளும். ஓட்டை உடைத்த பிறகும் அடியில் வெள்ளை வட்டமாக ஒரு தகடு நின்றுவிடுகிறதே, அதை விட்டுவைத்தால் அடுத்த கூட்டத்துக்கு வழிகாட்டி வைத்ததுபோல ஆகும். சொரசொரப்பும் கூடும். அந்த வட்டம் போகிறவரைக்கும் அந்த இடம் சுத்தமில்லை.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011இல் வெளியிட்டு 2023இல் திருத்திய வழிகாட்டுதல்களில், பெரிய கப்பல்களுக்கும் இப்படிப்பட்ட இடங்களைத் தனி வகையாகவே பிரித்து எழுதியிருக்கிறார்கள். சுக்கான் கீல், தண்ணீர் இழுக்கும் அறைகள், அவற்றின் கம்பித் தடுப்புகள், அணியத்துப் பக்கத் தள்ளிகளின் (கப்பலின் முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும் புரொப்பெல்லர்களின்) குழாய், உலர்துறைக் கட்டைகள்மேல் கப்பல் உட்காரும் இடங்கள் என்று பட்டியல் நீளும். அடிப்புறம் முழுவதையும் பார்த்தால் இவை சிறு பகுதிதான். ஆனால் வேற்று நீரிலிருந்து உயிர்கள் ஒளிந்து பயணம் செய்வது பெரும்பாலும் இந்த மூலைகளில்தான்.

உப்புக்காற்று:

எல்லோரும் தேய்ப்பதைப் பற்றியே சொல்கிறீர்கள். கொட்டலசு ஓடு என்பது கால்சியம் கார்பனேட். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பீச்சுக் குப்பியில் எடுத்துச் சந்துக்குள் விடுங்கள். நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும், கீறலும் விழாது. என் படகில் ஆறு ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன். தண்ணீர் இழுக்கும் குழாய்க்குள்ளும் இதையே விடுவேன்.

துத்தநாகம்:

உப்புக்காற்று சொன்னதில் வேதியியல் சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு ஒருவர் அப்படியே செய்யப் போனால் என்ன ஆகும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒற்றைப்பாய், கொஞ்சம் பொறுங்கள்.

சுக்கான் சந்துக்குள் விடும் அமிலம் அங்கேயே நிற்காது. கீழே வழிந்து, தண்டில் மாட்டிய துத்தநாகக் கட்டியை (மற்ற உலோகங்கள் அரிக்காமலிருக்கத் தான் அரிபடும் கட்டி)த் தின்னும். அலுமினிய உறுப்பு எதுவும் அருகில் இருந்தால் அதையும் பொத்தலாக்கும். சுக்கான் தண்டு துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதற்கு ஆகாது. குளோரைடு அந்த எஃகின் பாதுகாப்புப் படலத்தை உடைத்துக் குழி பறிக்கும். தாங்கிக்குள் போய்த் தங்கிவிட்டால் கழுவி எடுப்பதும் கடினம்.

அமிலம் வேண்டுமென்றால், முதலில் கையால் எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்துவிட்டு, மிஞ்சும் அந்த வெள்ளை வட்டத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வெண்கல புரொப்பெல்லரில் நான் சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி வைப்பேன். குமிழி வருவது நின்றதும் எடுத்துவிட்டு, மரக்கட்டையின் முனையால் தள்ளினால் வட்டம் மாவாக உதிரும். அதன்பின் நிறைய நல்ல தண்ணீர். துத்தநாகக் கட்டிகளை முன்பே கழற்றிவைத்துவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். நீர்க்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அமிலம் இருக்கும் இடத்துக்கு வெளுப்புத் திரவத்தைக் கொண்டுவரவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். படகின் அடிப்பகுதி போன்ற காற்றோட்டம் குறைந்த இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று, வெளியே பொருத்திய வால்வும் துவாரமும் வெண்கலமா பித்தளையா என்று பாருங்கள். சுரண்டிய இடம் மஞ்சளாக இல்லாமல் செம்பைப்போல இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போய்விட்டது என்று பொருள். மேலுக்கு முழுசாகத் தெரியும், தட்டினால் உடைந்துவிடும். சுத்தம் செய்கிற நாளில்தான் அது கண்ணில் படும், தவறவிடாதீர்கள்.

உப்புக்காற்று:

எஃகுத் தண்டு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். என் படகில் சுக்கான் தண்டு வெண்கலம், அதனால்தான் இதுவரை தப்பித்திருக்கிறேன் போலிருக்கிறது. ஆனால் தண்ணீர் இழுக்கும் குழாயைப் பற்றி என் கருத்து மாறவில்லை. வளைவுக்கு அப்பால் இருக்கும் கொட்டலசை எந்தக் கட்டையால் எடுப்பீர்கள்?

துத்தநாகம்:

வளைவுக்கு அப்பால் என்றால் குழாயைக் கழற்றி எடுத்து வெளியே வைத்துச் சுத்தம் செய்யலாம் அல்லது புதிய குழாய் போடலாம். வால்வுக்குள் விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், மென்மையான அமிலம், குறைந்த நேரம், உடனே கழுவுதல். இதில் நாம் இருவரும் முழுதாக ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை.

நீரடி:

நான் படகுகளின் அடிப்புறம் சுத்தம் செய்யும் நீர்மூழ்காளன். குழாய் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பலர் வெளியிலிருந்து உள்ளே குத்துகிறார்கள். உடைந்த ஓடுகள் நேராக வால்வுக்குள் போய்விடும். அதன்பின் வால்வை மூடினால் உள்ளே சுழலும் உருண்டைக்கும் அது அமரும் வளையத்துக்கும் நடுவே ஓட்டுத்துண்டு மாட்டி, பாதியிலேயே நிற்கும். வெளியே எல்லாம் சுத்தம், உள்ளே வால்வு மூடாது. அது மோசமான நிலை.

கரையில் இருக்கும்போது வேலை எளிது. உள்ளே குழாயை வால்விலிருந்து கழற்றுங்கள். வால்வைத் திறந்துவையுங்கள். துளைக்குச் சற்றுச் சிறிய உருட்டுக்கட்டையை உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். முதலில் தட்டையான முனை, பிறகு அதிலேயே நார்த்தூரிகையைக் கட்டி, சுழற்றிச் சுழற்றி. டார்ச்சை உள்ளிருந்து அடித்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள்; வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். விளிம்பு பற்கள்போலத் தெரிந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது. வெளியே கம்பித்தடுப்பு திருகியிருந்தால் அதைக் கட்டாயம் கழற்றுங்கள். தடுப்பின் முன்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போன படகுகளில், அதன் பின்னால் கொட்டலசு தடுப்பையே வெளியே தள்ளிக்கொண்டு வளர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தண்டைத் தாங்கும் காலில் உள்ள ரப்பர் தாங்கி. அதன் உள்சுவரில் நீளவாட்டில் பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் ஓடும் தண்ணீர்தான் அதற்கு எண்ணெய், அதுவே குளிர்ச்சி. முன்வாயில் கொட்டலசு அடைத்துவிட்டால் ரப்பர் காய்ந்து தேயும், தண்டு அதிரும். மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி, பள்ளம் பள்ளமாக விட்டு எடுங்கள். உலோகம் வேண்டாம், ரப்பர் கிழியும்.

இனி இதை எழுதாமல் விட முடியாது. நான்கு நாளில் படகு இறங்கியதும், அடுத்த மாதம் நீங்களே முக்குளித்து இந்தச் சந்துகளைத் துடைக்க நினைப்பீர்கள். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். எஞ்சின் சாவி உங்களிடமோ, மேலே நிற்கும் துணையிடமோ இருக்க வேண்டும், சாவித்துளையில் இருக்கக் கூடாது. உங்கள் படகிலோ பக்கத்துப் படகிலோ எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடினால் இறங்காதீர்கள், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நீர்மட்டத்திலேயே மயக்கம் தரும். கரையிலிருந்து மின்சாரம் இழுத்திருக்கும் துறையில், அதிலும் நன்னீர்த் துறையில், இறங்கவே வேண்டாம். கசியும் மின்சாரம் உப்புநீரைவிட நன்னீரில் நீந்துபவரின் உடல்வழியே எளிதாகப் பாயும், கைகால் மரத்து மூழ்கிவிடுவார்கள். சிறு அலையில்கூடப் படகின் பின்பக்கம் ஏறி இறங்கும், சுக்கானுக்கடியில் தலையை வைத்திருக்கும்போது அது இடிக்கும். கொட்டலசு கிழித்த காயத்தைச் சாதாரணமாக எண்ணாதீர்கள், கடல்நீரிலுள்ள கிருமி புகுந்து கடுமையாகப் பழுக்கும். தடித்த கையுறை போடுங்கள். கீறல் பட்டால் அன்றே கழுவி மருந்து வையுங்கள். சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஏராக்கட்டை:

என் படகு சிறியது, இறக்கி ஏற்றும் நடுப்பலகை உள்ளது. எட்டாத இடம் என்றால் அந்தப் பலகை உட்காரும் கூடுதான். ஒரு முறை நான்கு மாதம் பலகையை ஏற்றியபடியே படகை நீரில் விட்டுவிட்டேன். திரும்பிவந்து கயிற்றைத் தளர்த்தினேன், பலகை அசையவில்லை. மேலிருந்து கட்டையால் அடித்தேன். இரண்டு விரற்கடை இறங்கி நன்றாக இறுகிக்கொண்டது. இன்னும் அடித்தேன், கயிறு கட்டும் கொக்கி பிய்ந்து வந்துவிட்டது. பொறுமையாக இருந்திருந்தால் அரை நாள் வேலை, அவசரப்பட்டதால் படகைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

பிறகு கற்றுக்கொண்டது இதுதான். படகைத் தூக்கித் தாங்குகால்மேல் நன்றாக நிறுத்தியபின், மேல் திறப்பின் வழியே கயிற்றை விட்டுக் கீழே எடுக்க வேண்டும். கயிற்றில் சாண் இடைவெளியில் முடிச்சுகள். மேலே ஒருவர், கீழே பக்கவாட்டில் ஒருவர் என்று மாறிமாறி இழுத்தால் முடிச்சுகள் பலகைக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள கொட்டலசை உடைத்துக்கொண்டே போகும். பலகை விடுபட்டதும் முழுதும் கீழே இறக்கி, அமரக்காரர் அண்ணா சொன்ன கம்பளி சுற்றிய சட்டம். இடையிடையே நீர்க்குழாயை மேலிருந்து திறந்துவிட வேண்டும்.

மரப்படகு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கூட்டின் உட்புறம் பெரும்பாலும் பெயிண்ட் படாத வெறும் மரம். கப்பல்புழு புகுந்தால் வெளியே ஊசித் துளைதான் தெரியும், உள்ளே மரம் சல்லடையாகியிருக்கும். கூட்டைச் சுத்தம் செய்யும்போது கத்தி முனையால் அங்கங்கே குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் அன்றைக்கே மேலே பார்க்க வேண்டும். பெயிண்ட் பூச உள்ளே கை போகாது என்றால், நீண்ட சட்டத்தில் பஞ்சுத் துண்டைக் கட்டி, பெயிண்டில் தோய்த்துத் துடைப்பதுபோலப் பூசலாம். அழகாக வராது, ஆனால் படும்.

ஒற்றைப்பாய்:

எல்லோருக்கும் நன்றி. பட்டை வேலை செய்கிறது! அமரக்காரர் ஐயா சொன்ன அந்த "கரக்" சத்தம் கேட்டபோது உடனே இங்கே எழுத ஓடிவரத் தோன்றியது. சுக்கான் பிடி இப்போது ஒரு விரலால் திரும்புகிறது.

இனி ஏராவின் அடியும், தாங்குகால்களின் பலகை அழுத்தியிருக்கும் ஆறு இடங்களும். ஒவ்வொரு தாங்குகாலாகத் தளர்த்தி நகர்த்திவிட்டு அந்த இடத்தைத் தேய்த்துப் பூசலாம் என்று நினைக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றுதானே?

அமரக்காரர்:

வேண்டாம் தம்பி. அதை மட்டும் நீங்கள் தொடவே வேண்டாம்.

படகின் எடை முழுவதும் ஏராமேல்தான், தாங்குகால்கள் சாயாமல் பிடிப்பதற்கு என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் ஒன்றைத் தளர்த்தியதும் எடை எந்தப் பக்கம் சாயும் என்பது தரையின் சரிவு, காற்று, உள்ளே இருக்கும் எண்ணெய்த்தொட்டி எல்லாவற்றையும் பொறுத்தது. எதிரெதிர் தாங்குகால்களைச் சங்கிலியால் பிணைத்திருப்பார்கள், அந்தச் சங்கிலி எதற்கென்று தெரியாமல் கழற்றியவர்கள் உண்டு. நான் துறையில் வேலை செய்த காலத்தில் ஒரு படகு அப்படிச் சாய்ந்தது. பெயிண்ட் டப்பாவோடு கீழே இருந்தவர் உருண்டு வெளியே வந்ததால் பிழைத்தார். இன்றைக்கும் படகின் கீழே யாராவது முட்டிபோட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் என் கண் முதலில் தாங்குகாலுக்குத்தான் போகும்.

துறைப் பணியாளர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் பக்கத்தில் இன்னொன்றை இறுக்கி நிறுத்திவிட்டு இதை எடுப்பார்கள். இல்லையென்றால் இறக்கும் நாளில், படகு தூக்கிவாரில் (தூக்கும் இயந்திரத்தின் பட்டைகளில்) தொங்கும்போது ஒரு மணி நேரம் கேளுங்கள். பல துறைகளில் முன்கூட்டிக் கேட்டால் மதிய இடைவேளையில் தொங்கவிடுவார்கள். அப்போதும் ஏராவுக்கு நேர் கீழே உடம்பின் எந்தப் பகுதியும் போகக் கூடாது. நீண்ட கைப்பிடியுள்ள சுரண்டி, நீண்ட கைப்பிடியுள்ள உருளை, பக்கவாட்டில் நின்றே வேலை. அதனால் அந்த ஒரு மணி நேரத்துக்கான கருவி, பெயிண்ட், துணி எல்லாவற்றையும் முதல் நாளே வரிசையாக எடுத்துவையுங்கள். பெயிண்ட் டப்பாவில் எத்தனை மணி நேரம் காய வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். சில வகைகளை ஈரமாகவே இறக்கக் கூடாது.

பெரிய கப்பல்களுக்கும் இதே சிக்கல்தான். உலர்துறையில் கட்டைகள் தாங்கிய இடத்தில் பெயிண்ட் விழாது. அதற்காக அடுத்த முறை கட்டைகளை வேறிடத்தில் வைப்பார்கள். நீங்களும் தாங்குகால் இருந்த இடங்களைப் படம் எடுத்துவைத்து, அடுத்த முறை சற்றுத் தள்ளி வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஆனால் கண்ட இடத்தில் வைக்க முடியாது, உள்ளே குறுக்குச்சுவர் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் வைப்பார்கள்.

துத்தநாகம்:

பெயிண்ட் பூசும்போது துத்தநாகக் கட்டிமேல் படக் கூடாது, பட்டால் அது வேலை செய்யாது. ஆழமானியின் முகத்தைச் சுரண்டவும் கூடாது, சாதாரணப் பெயிண்டின் கரைப்பான் படவும் கூடாது. விரல்நகத்தாலோ மென்மையான பிளாஸ்டிக்காலோ தள்ளிவிட்டு, அதற்கென்று விற்கும் நீர் அடிப்படையிலான பெயிண்டைப் பூசலாம். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அலுமினிய உந்துகால் (எஞ்சினிலிருந்து நீருக்குள் இறங்கி புரொப்பெல்லரைத் தாங்கும் கால்) இருந்தால், செம்பு ஆக்சைடு கலந்த பெயிண்டை அதன்மேல் பூசாதீர்கள். உப்புநீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் கரைந்துபோகும்.

உப்புக்காற்று:

சிலிக்கோன் வகைப் பூச்சு போட்டவர்கள் இந்த இழையில் சொன்ன எதையும் செய்ய வேண்டாம். மென்மையான பஞ்சு மட்டும்தான். அது வழவழப்பால் காக்கும் பூச்சு, ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கீறலில்தான் முதல் கொட்டலசு உட்காரும்.

ஒற்றைப்பாய்:

இன்னொரு கேள்வி. இறக்கிய பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்துகளைப் பார்க்க வேண்டும்? நீரிலேயே சுரண்டுவதைச் சில துறைகள் தடை செய்கின்றனவாமே?

சிறுகடல்:

ஆம், பல இடங்களில் தடை உண்டு, அதற்கு நியாயமும் உண்டு. கரையும் வகைப் பெயிண்டை நீருக்குள் அழுத்தித் தேய்த்தால் தண்ணீரில் நிறம் மேகம்போலக் கிளம்பும். அது முழுக்கச் செம்பும் நச்சும், கீழே சேற்றில் படியும். இந்த விஷயத்தில் ஒரு கசப்பான முன்னனுபவம் இருக்கிறது. டிரைபியூட்டைல் தகரம் கலந்த பெயிண்டுகள் கொட்டலசை மிக நன்றாகத் தடுத்தன. ஆனால் துறைகளின் அருகே சிப்பிகளின் ஓடு கோணலாகத் தடித்தது, பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. அதைத் தடை செய்யும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது காரணம், வேற்று நீரிலிருந்து வந்த உயிரைச் சுரண்டி உயிரோடு கீழே போட்டுவிடுவது. அதனால்தான் நியூசிலாந்து 2018 மே முதல், வெளியிலிருந்து வரும் படகுகளின் அடிப்புறம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. சந்துகளுக்கும் அது பொருந்தும். நீண்ட பயணம் போகும் எண்ணமிருந்தால், புறப்படுவதற்கு முன் கரையிலேயே சுத்தம் செய்து, சந்துகளைத் தேதியோடு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

நீரடி:

எத்தனை நாள் என்பதை நீர்தான் சொல்லும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு வாரத்திலேயே பார்க்க வேண்டியிருக்கும், குளிர்ந்த நீரில் இரண்டு மாதம்கூடத் தாங்கும். விரலால் தொட்டு வழவழவென்று படலம் மட்டும் இருந்தால், கம்பளித் துண்டு சுற்றிய சட்டத்தை ஒரு முறை இழுத்தாலே போதும், நிறமும் கிளம்பாது. மணல்போல நெருடினால் இளம் கொட்டலசு ஒட்டிவிட்டது. அந்த வாரமே எடுத்துவிட வேண்டும். உங்கள் துறையின் விதி என்னவென்று முதலில் கேட்டுவிடுங்கள். துடைக்க அனுமதித்துச் சுரண்டத் தடை சொல்லும் துறைகளும் உண்டு.

படகை நிறுத்தி வைக்காமல் ஓட்டுவதும் உதவும். நிற்கும்போது சுக்கானை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி எடுங்கள், வால்வுகளை மூடித் திறங்கள். அசையும் சந்தில் அவ்வளவு சீக்கிரம் குடியேற முடியாது.

ஒற்றைப்பாய்:

இன்று மதியம் படகு இறங்கியது. சொன்னபடி எழுதுகிறேன்.

தண்ணீர் இழுக்கும் துவாரத்தில் உள்ளிருந்து டார்ச் அடித்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தபோது, வெளிச்சம் பிறைநிலாபோலத் தெரிந்தது. பாதிக்கு மேல் அடைத்திருந்தது. இரண்டு மாதமாக எஞ்சின் வெப்பமுள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதை வெயில் என்று நினைத்து விட்டிருக்கிறேன். உருட்டுக்கட்டையை உள்ளிருந்து தள்ளியதும் ஒரு கைப்பிடி ஓடு தார்ப்பாயில் விழுந்தது. இப்போது முழு வட்டம். இறக்கிய பிறகு அரை மணி நேரம் எஞ்சினை ஓட்டினேன், முள் பழைய இடத்திலேயே நிற்கிறது.

தாங்கியின் பள்ளங்களில் ஒன்று மட்டும் அடைத்திருந்தது, மூங்கில் குச்சியால் எடுத்துவிட்டேன். வெள்ளை வட்டங்களுக்குச் சிட்ரிக் அமிலத் துணியைச் சுக்கான் பக்கம் கொண்டுபோகவே இல்லை, புரொப்பெல்லரில் மட்டும்தான். சந்துக்குள் நீர்த்தாளால் ஒன்றரை மணி நேரம் ஆனது. கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு இடத்தில், சுக்கான் தண்டு நுழையும் மூலைக்குப் பின்னால், நான்கைந்து வட்டங்கள் மிச்சம் இருக்கின்றன. எதுவும் எட்டவில்லை.

தாங்குகால்களைத் தொடவில்லை. மதிய இடைவேளையில் தொங்கவிட்டார்கள். ஏராவின் அடியில் கொட்டலசைவிடச் சிப்பிதான் அதிகம் இருந்தது, நீண்ட சுரண்டியால் தள்ளித் தள்ளி எடுத்து, இரண்டு கை பெயிண்ட் பூசினேன். ஆறு இடங்களையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த மூலையில் மிஞ்சிய வட்டங்களுக்கு என்ன செய்யலாம்?

அமரக்காரர்:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. அந்த மூலைக்குச் சுக்கானையே கீழே இறக்க வேண்டும், வேறு வழியில்லை. அடுத்த முறை கரையேற்றும்போது சுக்கான் முழுதாக இறங்குகிற அளவு உயரத்தில் படகை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது கீழே பள்ளம் எடுக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். தாங்கியையும் அப்போதே பார்த்துவிடலாம். இறக்கும் வேலைக்கு இரண்டு பேராவது வேண்டும், தோற்றத்தைவிட அது கனமாக இருக்கும்.